மாட்டுக்குத் தெரிந்த பாட்டு

பாட்டை நடுவில் நிறுத்திவிடுவார். அதுதான் அவர்.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ராமர் கோயில் திருவிழா. சாயந்திரக் கச்சேரி. பந்தல் நிறைய ஆட்கள். அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். குரல் நன்றாக இருந்தது. எனக்கே பிடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பாட்டு கேட்கப் போனவன் இல்லை. அவரை ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரன். பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு மேலே மேலே போயிற்று. இன்னும் ஒரு எட்டு வைத்தால் கூட்டம் கை தட்டிவிடும். அங்கே நிறுத்தினார். மிருதங்கக்காரர் கை அந்தரத்தில் நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வரிக்கு வேறொரு பாடமும் உண்டு. பழைய ஏடு ஒண்ணுல வேற மாதிரி இருக்கு. அதையும் பாடறேன். எது சரின்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

கூட்டம் முடிவு பண்ணியது. பாதிப் பேர் எழுந்து பொரிகடலைக் கடைக்குப் போனார்கள்.

மெட்ராஸில் ஒரு காலேஜில் அவர் சங்கீத வாத்தியார். வருஷா வருஷம் கோடை லீவுக்கு எங்கள் பக்கம் வருவார். ஜனங்கள் பாடுகிற பாட்டையெல்லாம் எழுதிக்கொண்டு போவார். அதை வைத்து ஒரு பெரிய புத்தகம் எழுதிக் கொடுத்தால் காலேஜில் மேல் வேலை கிடைக்கும். அதற்காகத்தான் வந்தார். வந்த இடத்தில் யாராவது பாடக் கூப்பிட்டால் அதற்கும் போவார். ஊரில் பாட்டு வாத்தியார் என்றார்கள். நான் சாமி என்பேன். ஐம்பதுகளில் நடந்தது இது. ஓசூரில் இப்போது கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது கேழ்வரகு.

என்னிடம் ஒற்றை மாட்டு வண்டி இருந்தது. செவலைக் காளை. தோப்பிலிருந்து மண்டிக்கு மாங்காய் ஏற்றுவேன். மாங்காய் இல்லாத நாளில் அவரை ஏற்றுவேன். மாங்காய் பேசாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தக் கச்சேரியிலேயே இன்னொன்று நடந்தது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மீதியில் கன்னடம். சந்தைக்கு வந்தால் தமிழ். அவர் பாடினதெல்லாம் தெலுங்குப் பாட்டு. மெட்ராஸில் வார்த்தை புரியாமலே தலையாட்டுவார்களாம். இங்கே புரிந்துவிட்டது. ராமனைப் பார்த்து, இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒரு வரி. அதையே திருப்பித் திருப்பிப் பாடினார். நீட்டினார், மடக்கினார், மறுபடியும் கேட்டார். முன் வரிசையில் ராமக்கா உட்கார்ந்திருந்தாள். மாந்தோப்பில் வேலை செய்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. எழுந்து நின்றாள்.

"ஏன் சாமி, எத்தினி வாட்டி கேப்ப? அதோ, பூ வச்சிக்கினு உனக்கு எதிரதான் உக்காந்துக்கினு இருக்காரு. கண்ணு தெரியலயா?"

பந்தல் சிரித்தது. வேறு பாடகராக இருந்தால் கோபம் வந்திருக்கும். இவர் பக்கத்துப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அம்மா, 'வரல்லே'ங்கற சொல்லை நீங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?"

"சொல்றது கெடக்கட்டும். மொதல்ல பாட்ட முடி. நான் போயி பால் கறக்கணும்."

அவரிடம் மூன்று நோட்டு இருந்தது. கறுப்பு அட்டை நோட்டு ஆராய்ச்சிக்கு. சிவப்பு நோட்டு கச்சேரிக்கு. இரண்டிலும் பேனாவால் எழுதுவார். மூன்றாவது அட்டை இல்லாத நோட்டு. அதில் பென்சில். அவரே கட்டுகிற மெட்டுகளுக்கு. பென்சில் எதற்கு என்று கேட்டேன்.

"அழிக்கறதுக்குத்தான் மாதப்பா" என்றார்.

மூன்று ஆளாக இருக்கிறேன், மூன்றையும் கலக்கவிட மாட்டேன் என்பார். எந்நேரமும் கலந்துதான் இருந்தது. கறுப்பு நோட்டை எடுத்துக்கொண்டு நடவுக்காரிகளிடம் போவார். அவர்கள் பாடுவார்கள். எழுதிக்கொண்டே இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். தானும் கூடப் பாடுவார். அதுவும் கச்சேரி மாதிரி, குரலைச் சுழற்றி. பெண்கள் பாடுவதை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள். நடவு நின்றுவிடும். வயல்காரர் வந்து என்னைத் திட்டுவார். வண்டிக்காரனுக்கு அது ஒரு சௌகரியம். யார் தப்பு செய்தாலும் திட்டு வாங்கலாம்.

ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வண்டியில்தான் மெட்டுக் கட்டுவார். சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். வைக்கோல்மேல் சம்மணம் போட்டு உட்காருவார். முணுமுணுப்பார். எழுதுவார். கொஞ்ச நேரத்தில் ரப்பரால் தேய்க்கிற சத்தம் கேட்கும்.

"என்னாத்துக்கு சாமி அழிக்கறீங்க? நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லா இருந்தா மட்டும் போதாது. இதுக்கு ஆதாரம் ஏது? எவன் கேட்டாலும், நீ யாரு பாட்டுக் கட்டறதுக்குன்னு கேப்பான். நானே கேக்கறேனே."

காலேஜில் பெரிய வாத்தியார் சொல்லியிருந்தாராம். ஆராய்ச்சியா, கச்சேரியா, சொந்தச் சரக்கா, ஒன்றைப் பிடித்துக்கொள் என்று. கச்சேரி கேட்டவர்கள், வகுப்பு எடுக்கிறார் என்றார்களாம். வகுப்பில் பிள்ளைகள், பாடிக்கொண்டே இருக்கிறார் என்றார்களாம். சொந்த மெட்டைக் கேட்டவர்கள் ஒன்றுமே சொல்லவில்லையாம். அதுதான் அவரை அரித்தது.

முதல் வருஷம் அவர் அழித்த மெட்டு ஒன்று என் காதில் ஒட்டிக்கொண்டது. நாலு வரி. வார்த்தை இல்லை. மூன்றாவது வரியில் மெட்டு ஓர் இடத்தில் நன்றாக மேலே ஏறும். ஏறி நிற்கும். அவர் நிற்பார். நான் நிற்க முடியாது. என் குரல் கொட்டாங்கச்சியைத் தரையில் தேய்த்த மாதிரி. மேலே போகும், எட்டாது, அப்படியே கீழே சறுக்கி வந்துவிடும். சந்தையில் கூரை ஏறிய பூனை மாதிரி.

அவர் ஊருக்குப் போன பிறகு, மேடு வந்தால் அதைப் பாடுவேன். செவலைக்குத்தான். மேட்டில் என் பாட்டைக் கேட்டால் வேகமாக இழுக்கும். பிடித்துப்போய் இழுத்ததா, சீக்கிரம் மேலே போனால் நிறுத்திவிடுவான் என்று இழுத்ததா, தெரியாது. பாட்டு இல்லாவிட்டால் மேட்டில் கால் எடுத்து வைக்காது. அப்படிப் பழக்கிவிட்டேன். புத்திசாலி வேலை என்று அப்போது நினைத்தேன்.

ராமக்கா தோப்பில் மாங்காய் ஏற்ற நிற்கும்போதும் என் வாய் சும்மா இருக்காது, அதையே பாடும்.

"ஏண்டா மாதப்பா, மாட்ட அடிச்சா கூட இப்பிடிக் கத்தாது. நீ என்னாத்துக்கு கத்தற?" என்பாள் ராமக்கா.

மற்ற பெண்கள் என்னை மாதிரியே பாடிக் காட்டுவார்கள். மூன்றாவது வரியில் எல்லாரும் சேர்ந்து சறுக்குவார்கள். சறுக்கிவிட்டுச் சிரிப்பார்கள். அந்த வருஷம் மாங்காய் முடிகிற வரைக்கும் அதுதான் அவர்களுக்கு விளையாட்டு. மறு வருஷம் நான் காவேரிப்பட்டினம் மண்டிக்கு வண்டி ஓட்டப் போய்விட்டேன். அவர்கள் பக்கமே போகவில்லை.

மூன்றாம் வருஷம் வாத்தியார் வந்தபோது முகம் சரியில்லை. லீவு முடிவதற்குள் புத்தகத்தைக் கொடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் மேல் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். புத்தகம் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஆனால் புதிதாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்றார். எல்லாம் யாரோ முன்னாலேயே சொன்னதாம்.

"ராமக்கா தோப்புக்குப் போலாமா சாமி? அங்க பொம்பளைங்க பாடுவாங்க."

சொன்னது நான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

போனோம். மரத்தடியில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பறித்த காயை ஒருத்தி எடுத்து அடுத்தவளிடம் கொடுப்பாள். கை மாறி மாறிக் கடைசியில் கூடைக்குப் போகும். அடிபட்ட காய் நடுவில் கழிந்துவிடும். ஒவ்வொரு கை மாறுவதற்கும் பாட்டில் ஒரு தட்டு. மெதுவாக இழுத்து இழுத்துப் பாடினார்கள். தெலுங்கு வார்த்தை. மாங்காய்க்குப் பால் வடிகிறது, மாமியாருக்குக் கண் வடிகிறது என்பது மாதிரி ஏதோ. நன்றாகப் பாடுகிறார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அப்போது வண்டி நகர்ந்தது. நான் வண்டியில் இல்லை. சமதரை. செவலை காதை விடைத்துக்கொண்டு தானாக இழுத்துக்கொண்டு போகிறது. ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நின்றபோது மூன்றாவது வரி வந்தது. பத்துக் குரலும் மேலே போய், எட்டாமல், கீழே சறுக்கின.

யாரும் சிரிக்கவில்லை. அந்த வரியே அப்படித்தான் என்பதுபோலப் பாடினார்கள்.

அது என் பாட்டு என்று எனக்கு முன்னால் மாடு கண்டுபிடித்துவிட்டது.

வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர். கறுப்பு நோட்டில் பேனா ஓடுகிறது. பாட்டு முடிந்ததும் கேட்டார்.

"அம்மா, இது எவ்வளவு காலமாப் பாடறீங்க?"

காலேஜ் வாத்தியார் அழுதுகொண்டு கேட்டால் என்ன சொல்வது? ராமக்கா பெருந்தன்மையான ஆள்.

"அது கெடக்குது சாமி, எங்க அத்தைக்கு அத்தை காலத்துல இருந்து."

திரும்பி வரும்போது அவர் சட்டையைக் கழற்றவில்லை. பென்சில் நோட்டை எடுக்கவில்லை.

"அந்த மூணாவது வரி கவனிச்சியா மாதப்பா? மேல போற மாதிரிப் போய் வழுக்கி இறங்குது பாரு. இப்ப எவனும் அப்படிப் பாடறதில்ல. பழைய ஏட்டுல ஒரு வரி இருக்கு, இப்படி ஒரு இறக்கம் இருந்ததுன்னு. யாரும் காதால கேட்டதில்ல. நான் கேட்டுட்டேன்."

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தவிர, என்ன சொல்வது? சாமி, அது ஏடு இல்லை, என் தொண்டையில் உள்ள ஓட்டை என்றா? பேசாமல் வண்டியை ஓட்டினேன். அவர் கட்டின மெட்டை அவரே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். அவர் வேகமாகக் கட்டினது. அவர்கள் இழுத்துப் பாடினது. நடுவில் என் தொண்டை. அதோடு, அழித்ததை அவர் அப்போதே மறந்துவிடுவார். மறக்காதது மாடுதான்.

ஒரு மாசம் சத்திரத்து அறையில் உட்கார்ந்து அந்த ஒரு பாட்டைப் பற்றியே எழுதினார். கிருஷ்ணகிரிக்கு அனுப்பி டைப் அடித்து வாங்கினார். அந்த மாசம் முழுக்க அவர் வண்டியில் இருந்தால் நான் பாடவில்லை. மேடு வந்தால் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினேன். செவலை திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற இவ்வளவு உடம்பு வலி வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

புறப்படுகிற நாள் வந்தது. முந்தின நாள் கோடை மழை. வண்டியில் அவர், ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் புத்தகம் மூன்று பிரதி. மேட்டைத் தாண்டினால் ஆலமரம். அங்கே பஸ் நிற்கும். அந்த பஸ்ஸை விட்டால் கிருஷ்ணகிரியில் மெட்ராஸ் பஸ் கிடைக்காது. மறுநாள் புத்தகம் கொடுக்கக் கடைசி நாள்.

மேட்டின் பாதியில் செவலை நின்றது.

தள்ளினேன். சக்கரம் சேற்றில் அசையவில்லை. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். கணுக்கால் வரை சேறு. செவலை அசை போட்டுக்கொண்டு நின்றது.

"என்னப்பா இது! பஸ் போயிடும். நீ மட்டும் வர்றப்ப எப்படி ஏறும்?"

"பாடுவனுங்க."

"பின்ன பாடேன்!"

"வேணாம் சாமி."

"வெக்கப்படற நேரமா இது? நான் வேணா காதைப் பொத்திக்கறேன்."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. பாடாவிட்டால் புத்தகம் போய்ச் சேராது. பாடினால் புத்தகமே இல்லை. நான் நாலாவது வரை படித்தவன். இதையெல்லாம் யோசிக்கிற மூளை இல்லை. பாடினேன்.

முதல் வரிக்குச் செவலை காதைத் தூக்கியது. இரண்டாவது வரிக்குக் கால் ஊன்றியது. மூன்றாவது வரியில் நான் வழக்கம்போலச் சறுக்கினேன். வண்டி ஒரே இழுப்பில் மேலே போய்விட்டது.

அவர் வரவில்லை. தள்ளுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். எதிரில் வண்டி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஏறி வந்தார்.

"இதை நீ ராமக்காகிட்டதான கத்துக்கிட்ட?"

"இல்லீங்க. அவங்க என்கிட்ட."

"நீ?"

"உங்ககிட்டதானுங்க. மொத வருஷம் வண்டியில பாடினீங்க. அப்பறம் அழிச்சிட்டீங்க."

"அந்த இறக்கம்?"

"அது என் தொண்டைங்க. மேல போவாது. என்னைக் கேலி பண்றதுக்கோசரம் அவங்களும் அப்பிடியே பாடினாங்க. பழகிப்போச்சி."

அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார்.

"அன்னிக்குத் தோப்புல மாடு தானா நடந்துச்சு. நான் பார்த்தேன். அதையும் எழுதியிருக்கேன் மாதப்பா. கால்நடைகளும் அசையுமளவு தொன்மையான இசைன்னு."

நான் செவலையைப் பார்த்தேன்.

"பதினெட்டுப் பக்கம். உன் தொண்டையைப் பத்திப் பதினெட்டுப் பக்கம்."

சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார். பாட்டை நிறுத்துகிற மாதிரியே.

"அதை ஜனங்க பாடறாங்க, இல்ல?"

"பாடறாங்க சாமி. வேற தோப்புலயும் கேட்டன்."

பெட்டியைத் திறந்தார். மூன்று பிரதியிலிருந்தும் அந்தப் பக்கங்களைப் பிரித்து எடுத்தார்.

"சாமி, வேணாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன். மாடும் சொல்லாது."

"எனக்கே தெரிஞ்சுபோச்சே" என்றார்.

பக்கங்களை என் கையில் கொடுத்தார். உன்னைப் பற்றினது, நீயே வைத்துக்கொள் என்றார். பஸ் ஏறிப் போய்விட்டார். பார்த்தேன். இங்கிலீஷ். ஒரு எழுத்துத் தெரியாது. என்னைப் பற்றி உலகத்தில் எழுதினது அது ஒன்றுதான். இன்னும் பெட்டியில் இருக்கிறது. இன்னும் படிக்கவில்லை.

மழைக்காலத்தில் அவர் எழுதின கார்டு ஒன்று வந்தது: புத்தகம் மெலிவாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். மேல் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் பழைய இடத்தில் இருக்கிறேன். செவலை சுகமா? அவ்வளவுதான். அந்த மனுஷன் காரியத்தை நான் இரண்டு தரம் கெடுத்தேன். பாடி ஒரு தரம். மறுபடியும் பாடி ஒரு தரம். ஊரில் என்னை அதிகம் பேசாதவன் என்பார்கள். பேசாதவன் செய்த வேலை இது.

மறு வருஷம் திருவிழாவுக்கு வந்தார். அதே பந்தல். என்னைப் பார்த்ததும் பென்சில் நோட்டைத் திறந்து காட்டினார். அந்த நாலு வரியும் பேனாவால் எழுதியிருந்தது. வார்த்தையும் போட்டிருந்தார்.

கடைசியில் அதைப் பாடினார். யார் கட்டினது என்று சொல்லவில்லை. மூன்றாவது வரி வந்தது. மேலே போனார். அவர் கட்டின மாதிரியே உச்சியில் போய் நின்றார். சுத்தமாக நின்றார்.

"தப்பு சாமி" என்றாள் ராமக்கா.

இந்தத் தடவை பாட்டை நிறுத்தினது அவர் இல்லை. மிருதங்கக்காரருக்குப் பழகிவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா வரணும்?"

"அது மேல போயி நிக்காது. எறங்கும். எங்க பாட்ட நீ கெடுக்கற."

தோப்புப் பெண்கள் பாடிக் காட்டினார்கள். சறுக்கினார்கள். பந்தலுக்கு வெளியே மணிச் சத்தம் கேட்டது. அவிழ்த்துப் படுக்கப் போட்டிருந்த செவலை எழுந்திருக்கிறது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வரிக்கு வேறொரு பாடமும் உண்டு" என்றார்.

யாரும் பொரிகடலைக் கடைக்குப் போகவில்லை. சறுக்கிப் பாடினார். பாடிவிட்டு, எது சரி என்று எங்களைக் கேட்கவில்லை.

"இதுதான் சரி" என்றார். "யாரும்மா கட்டினது இதை?"

"எவன் கட்டினா என்ன? எங்க அத்தைக்கு அத்தை காலத்துப் பாட்டு."

"ஆமாம்மா" என்றார். என்னைப் பார்த்தார்.

மாட்டைப் பார்க்கிற சாக்கில் எழுந்து வெளியே போனேன். அது வண்டி இல்லாமலே மேடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.